பொருக்கு உதிரும் வரை: மதுரை–துபாய் டிக்கெட் ஒன்றின் கதை

இந்த விமானப் பயணத்துக்கு ஐந்து நட்சத்திரத்தில் இரண்டு. மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டில் ஒன்று விமானத்தை ஓட்டியவருக்கு. மணல்காற்று அடித்த அந்த ராத்திரியிலும் துபாயில் பூவை வைப்பது போல இறக்கினார். இன்னொன்று மதுரை கவுன்ட்டரில் இருந்த ஒரு பெண்ணுக்கு. அவர் கதை பின்னால் வரும். மிச்சம் மூன்று எங்கே போனது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். விமானக் கம்பெனியின் பெயரைப் போடப்போவதில்லை.

ஊர் தேவிபட்டினத்துக்குப் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்க்க இறங்கும் கிராமம். வேலை ஷார்ஜாவில், மீனும் கோழியும் வைக்கிற குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். தங்கச்சி கல்யாணத்துக்கு நாற்பது நாள் லீவு. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பந்தலில் என் மடியை விட்டு இறங்காமல் கிடந்த அக்கா மகனுக்கு மறுநாள் அம்மை போட்டது. பிள்ளைக்குச் சின்னம்மை, பயமில்லை என்றார்கள். சரியாகப் பதினைந்தாவது நாள் சாயங்காலம் எனக்குக் காதுக்குப் பின்னால் அரித்தது. கொசு என்று நினைத்துச் சொறிந்தேன். விடிந்ததும் சட்டையைக் கழற்றினால் வயிறு முழுக்கத் தண்ணீர்ச் சொட்டு நிற்பது போல மினுமினுவென்று கொப்புளம். விமானத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இடது கன்னத்தில் மூன்று பள்ளம், ஒவ்வொன்றிலும் ஒரு மிளகை வைக்கலாம். சின்ன வயதில் பெரியம்மை தந்துவிட்டுப் போனது. என்னைப் பார்த்த உடனே, "அம்மா வந்திருக்கா. அடுப்படியில யாரும் தாளிக்காதீக"ன்னு சத்தம் போட்டுவிட்டு வாசலில் வேப்பிலையைச் செருகினார். அவ்வளவுதான். பால்காரம்மா படியேறாமல் தூரத்திலிருந்து செம்பில் ஊற்றினார். மீன்காரி தெருமுனையிலேயே கூடையைத் திருப்பிக்கொண்டாள். கொரியர் பையன் பார்சலைச் சுற்றுச்சுவரின் மேல் வைத்துவிட்டு அங்கிருந்தே போன் பண்ணினான். ஒருவரும் என்னிடம் மருத்துவச் சான்று கேட்கவில்லை. ஒரு கொத்து இலைதான் சான்று.

ராமநாதபுரத்தில் டாக்டரைப் பார்க்க மச்சான் வண்டியில்தான் போனேன். கூட்டம் கலைந்த பிறகு கூப்பிடுங்கள் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு வெளியே புங்கமரத்தடியில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். டாக்டர் ஏசைக்ளோவிர் 800 மில்லிகிராம் எழுதினார், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். பிள்ளைகளுக்கு லேசாகப் போய்விடும், பெரியவர்களுக்கு நுரையீரல் வரை இறங்கும், மூச்சு வாங்கினால் ராத்திரியானாலும் வந்துவிடு என்றார். பிளைட்டைப் பற்றிக் கேட்டேன். மனுஷன் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "கடைசிக் கொப்புளம் காஞ்சு பொருக்குத் தட்டுற வரைக்கும் டவுன் பஸ்ஸே ஏறக்கூடாது, நீ பிளைட்டக் கேக்குற."

இதில் ஒரு சங்கடம் உண்டு. பொரி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே சின்னம்மை அடுத்தவருக்குத் தொற்றும். அந்த இரண்டு நாளில் நான் பரமக்குடி வரை பஸ்ஸில் போய்வந்திருக்கிறேன், ஒரு காதுகுத்தில் பந்தி பரிமாறியிருக்கிறேன். தெரியாமல் நடந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? தெரிந்த பிறகு நடப்பதற்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு டிக்கெட் போட்ட டிராவல்ஸ் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. இரண்டு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு சாமி படம், ஒரு மெக்கா படம், ஒரு மாதா படம். அதை நடத்தும் அண்ணனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"தம்பி, முழுக்கைச் சட்டையைப் போட்டுக் காலர் பட்டனைப் போடுங்க. மூஞ்சிக்கு மாஸ்க். கொரோனாவுக்கு அப்புறம் மாஸ்க் போட்டவன எவன் ஏன்னு கேக்குறான்? நாலு மணி நேரம், கண்ண மூடித் திறந்தா துபாய்."

அவர் கெட்டவர் இல்லை. என் பணத்தைத்தான் கணக்குப் போட்டார். டிக்கெட் 14,600 ரூபாய். தேதி மாற்றக் கட்டணம் 3,000. பத்து நாள் தள்ளினால் பள்ளிக்கூட லீவு சீசன், அன்றைய விலையில் வித்தியாசம் 9,400. ஆக 12,400 ரூபாய், அம்மை வந்த குற்றத்துக்கு. ரத்து செய்தால் வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வரும். அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இருக்கிறது. ஆனால் அடிப்படைக் கட்டணம் கடலில் போட்ட கல்.

விமானக் கம்பெனியின் ஆன்லைன் சாட்டில் போய்க் கேட்டேன். முதலில் இயந்திரம் பேசியது. அப்புறம் ஒரு மனிதர் வந்தார், அல்லது மனிதரைப் போல எழுதும் இன்னொரு இயந்திரம். "உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம்" என்று மூன்று தடவை வந்தது. டாக்டர் கடிதத்தை அனுப்பினேன். ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்ந்து டிஸ்சார்ஜ் ஆன காகிதம் இருந்தால் கட்டணத் தள்ளுபடியைப் பரிசீலிப்போம், வெளிநோயாளிக் கடிதம் செல்லாது என்று பதில். திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டில் ஓர் அறையில் அடைந்து கிடப்பவனுக்குத் தள்ளுபடி கிடையாது. தேவையே இல்லாமல் வார்டில் போய்ப் படுத்துப் பக்கத்துக் கட்டிலுக்கும் பரப்பிவிட்டு வந்தால் கிடைக்கும்.

முதல் நட்சத்திரம் போனது இங்கேதான். உடம்பு சரியில்லாமல் விமானம் ஏறுகிறவனை எல்லாரும் திட்டுகிறோம், திட்டவும் வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னவனுக்கு 12,400 ரூபாய் அபராதம், மறைத்தவனுக்கு ஜன்னலோர சீட் என்று விலைப்பட்டியல் போட்டு வைத்திருப்பவரை யாரும் திட்டக் காணோம்.

நான் யோக்கியன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. 2018-ல் முதல் தடவை போனபோது எனக்குப் பொன்னுக்கு வீங்கி. தாடை இரண்டு பக்கமும் பணியாரம் போல. அம்மா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டாள், பொன் பட்டால் வீக்கம் வற்றும் என்று. வேலைக்கு வந்த என்ட்ரி பெர்மிட் 60 நாள்தான் செல்லும், அதில் 57 நாள் ஓடிவிட்டது. ஏஜென்டுக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டிய காசு. துண்டைத் தாடையில் சுற்றி, பல்வலி என்று சொல்லி ஏறினேன். வீக்கம் வந்து ஐந்து நாள் வரைக்கும் தொற்றும். அன்றைக்கு எனக்கு இரண்டாவது நாள். பக்கத்தில் பத்தொன்பது, இருபது வயதுப் பையன், அவனுக்கும் முதல் பயணம். வீட்டில் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைப் பாதி எனக்குக் கொடுத்தான். ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தோம். பெட்டி வருகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் கையைக் காட்டிவிட்டுப் போனவன்தான். அவனுக்கு வந்ததா, இல்லையா, ஆண்பிள்ளைகளுக்கு விரையில் இறங்குமே அப்படி ஆனதா, முதல் மாதச் சம்பளத்தை ஆஸ்பத்திரியில் கொடுத்தானா, எதுவும் எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

ஊரில் அப்படி இல்லை. என்னால் மீன்காரி வீட்டுக்கு அம்மை போனால் பத்தாவது நாளிலிருந்து இருபத்தோராம் நாளுக்குள் தெரிந்துவிடும், அவள் மாமியார் என் வாசலில் வந்து நின்று கேட்பாள். விமானத்தில் யாரும் கேட்க முடியாது. நாலு மணி நேரம் ஒரே காற்றை மூச்சு விட்ட 180 பேர் பெல்ட்டிலிருந்து பெட்டியை எடுத்ததும் அபுதாபி, அஜ்மான், மஸ்கட் என்று சிதறிவிடுவார்கள். அதனால்தான் வேப்பிலைக்கு அடங்குகிற ஆள் போர்டிங் பாஸுக்கு அடங்குவதில்லை.

அந்த நாட்களில் படுத்துக்கொண்டே அப்பத்தாவிடம் பழைய கதை கேட்டேன். அவர் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அப்போது நம் மண்டபத்தில் கேம்ப் இருந்தது. நம் மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய கேம்ப். காலராவும் பெரியம்மையும் கடல் தாண்டிவிடக் கூடாதென்று கூலிகளை அங்கே சில நாள் நிறுத்தி, அம்மை குத்தி, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் ரயில் ஏற்றித் தனுஷ்கோடிக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். பாம்பன் பாலம் 1914-ல் திறந்ததிலிருந்து அதுதான் வழி, 1964 புயல் தனுஷ்கோடியை விழுங்கும் வரைக்கும். "துணியெல்லாம் அவிச்சு எடுத்தாய்ங்களாம். கோழியப் போட்டு அடைக்கிற மாதிரி அடைச்சாய்ங்களாம்"னு அப்பத்தா சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா உக்கார வச்சுச் சோறு போட்டாய்ங்களாம்" என்றார்.

அந்த கேம்ப்பை நான் புகழவில்லை. தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே என்று போட்ட சோறு அது, யார் விருப்பத்தையும் கேட்டு நிறுத்தவில்லை. இன்றைக்கு அதே இடத்தில் இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர்கள் இருக்கிறார்கள், அது இன்னொரு துயரம். ஆனால் ஊர் நன்மைக்காக ஒருவனை நிறுத்துகிறவன், நிற்கிற நாளுக்குச் செலவையும் ஏற்க வேண்டும் என்பது அந்த வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது. என் விஷயத்தில் விமானக் கம்பெனிக்கு லாபம், ஷார்ஜா கம்பெனிக்கு ஒன்பது நாள் சம்பளம் மிச்சம், காப்பாற்றப்பட்ட 180 பேருக்கு நான் யாரென்றே தெரியாது. செலவு முழுக்க என் தலையில்.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

ஒன்பதாம் நாள் கடைசிப் பொரியும் கறுத்துக் காய்ந்தது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை மூன்றாம் தடவையாக ஊற்றினார்கள். டாக்டர் உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பயணம் செய்யலாம் என்று லெட்டர் பேடில் எழுதிக் கொடுத்தார். பதின்மூன்றாம் நாள் கிளம்பினேன். எங்கள் மாவட்டத்தில் விமானம் இறங்கும் இடம் ஒன்று உண்டு, உச்சிப்புளியில். ஆனால் அது 'பருந்து' என்கிற கடற்படைத் தளம், நமக்கில்லை. நமக்கு மதுரைதான், பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம் தாண்டி.

கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியில் ஏழெட்டுப் பொருக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சான்றிதழை எடுத்து நீட்டினேன். சூப்பர்வைசரைக் கூப்பிட்டார், அவர் யாரையோ போனில் கூப்பிட்டார், இருபது நிமிடம். எனக்குக் கோபம் வந்தது. 12,400 கட்டி, ஒன்பது நாள் சம்பளத்தை விட்டு, காகிதமும் வாங்கி வந்தவனை நிற்க வைக்கிறீர்களே என்று. அந்தப் பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த பிளைட்ல மாசமா இருக்கிற ஒருத்தங்க போறாங்க. அதான் ரெண்டு தடவை கேட்டுக்கிறோம்."

கோபம் அப்படியே இறங்கிவிட்டது. சின்னம்மை முன்பு வராத கர்ப்பிணிக்கு இது வந்தால் தாய்க்கு நிமோனியா ஆகலாம், மாதத்தைப் பொறுத்துப் பிள்ளைக்கும் ஊனம் வரலாம். நம் அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் தட்டம்மைக்கு ஊசி இருக்கிறது, சின்னம்மைக்கு இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ஆக எத்தனை பேர் போட்டிருப்பார்கள்? அந்தப் பெண் கேட்டது முழுக்கச் சரி. நான் கொடுத்த இரண்டில் ஒன்று அவருக்குத்தான்.

ஆனால் பாருங்கள், அவர் கண்ணுக்குத் தெரிந்த பொருக்கைத்தான் பிடிக்க முடியும். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் குலைநடுங்க இருமிக்கொண்டிருந்தார், அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காய்ந்த அம்மைக்குக் கேள்வி, பச்சை இருமலுக்குப் போர்டிங் பாஸ்.

அவருக்கு என் பக்கத்து சீட்.

இரண்டாவது நட்சத்திரம் போனதற்குக் காரணம் அந்த இருமல் இல்லை. எல்லாரையும் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு ஐம்பது நிமிடம் வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். ஏதோ சிக்னல், ஏதோ காகிதம் என்றார்கள். தலைக்கு மேல் இருக்கும் குமிழைத் திருகினால் பெயருக்கு ஒரு மூச்சு வந்தது. எல்லாரும் சீட் பையிலிருந்த பாதுகாப்பு அட்டையை எடுத்து விசிறத் தொடங்கினார்கள், மொத்த விமானமும் மாரியம்மன் கோயில் கூழ் வரிசை போல ஆகிவிட்டது. பறக்கும்போது விமானக் காற்று நாம் நினைக்கிற அளவு மோசமில்லை. மேலிருந்து வந்து காலடியில் இறங்கும், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை முழுதாக மாறும், சுற்றி வருகிற காற்று ஹெப்பா வடிகட்டியில் புகுந்து நுண்துகளில் நூற்றுக்கு 99.97 பங்கை விட்டுவிட்டு வரும். நானே குளிர்பதன மெக்கானிக், அந்த வேலைப்பாட்டுக்கு மரியாதை உண்டு. சிக்கல் நிற்கும்போதுதான். 1977-ல் அலாஸ்காவில் எஞ்சின் கோளாறால் ஒரு விமானத்தைக் காற்றோட்டம் ஓடாமல் மூன்று மணி நேரம் தரையில் நிறுத்தினார்கள். உள்ளே 54 பேர், அதில் ஒருவருக்குக் கடுமையான காய்ச்சல். மூன்று நாளைக்குள் பயணிகளில் நூற்றுக்கு 72 பேர் படுத்துவிட்டார்கள். பறக்கும்போதும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். 2003 மார்ச்சில் ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் போன விமானத்தில் ஒரே ஒரு சார்ஸ் நோயாளி, 22 பேருக்குத் தொற்றியது, ஏழு வரிசை முன்னால் இருந்தவர் வரைக்கும். வடிகட்டியால் பக்கத்து சீட்டுக்காரன் தும்மலைப் பிடிக்க முடியாது.

பக்கத்து சீட்டுக்காரர் முதுகுளத்தூர்ப் பக்கம். நான் மூஞ்சியைத் திருப்பியதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார், "காய்ச்சல்லாம் இல்லண்ணே, வெறும் இருமத்தான்." சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பாராசிட்டமால் அட்டையை எடுத்து ஒன்றை உடைத்து விழுங்கினார். அட்டையில் ஆறு குழி காலி. காய்ச்சல் இல்லாதவர் ஆறு மாத்திரையை எதற்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

"தள்ளிப் போட்டிருக்கலாமே தம்பி?"

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு டூட்டிண்ணே. போன வாட்டியே லேட்டு, இந்த வாட்டி போனா அனுப்பிடுவான்."

பேசாமல் இருந்தேன். என்ன சொல்ல? பாரதிய நியாய சன்ஹிதா 271-ஆம் பிரிவு, உயிருக்கு ஆபத்தான நோயை அசட்டையால் பரப்பினால் ஆறு மாதம் வரை சிறை என்று சொல்லவா? பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 269 என்று இருந்ததுதான். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, அவன் டூட்டி நாளைக் காலையில் இருக்கிறது. தாடையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஏறியவன் அவனுக்குப் புத்தி சொல்லவும் கூடாது. என்னிடம் புதிய மாஸ்க் இரண்டு இருந்தது, ஒன்றைக் கொடுத்தேன். மறுக்காமல் போட்டுக்கொண்டார். தள்ளுவண்டியில் தண்ணீரும் சமோசாவும் வரும் வரைக்கும் போட்டிருந்தார். சமோசா நூற்றைம்பது ரூபாய், உள்ளே உருளைக்கிழங்கு குளிர்ந்து கிடந்தது. விமர்சனம் என்பதால் சொல்கிறேன், வாங்காதீர்கள்.

பணிப்பெண்ணிடம் வேறு சீட் கேட்டேன். மூன்று வரிசை பின்னால் காலியாக இருந்தது, முன்பதிவு சீட் என்பதால் அறுநூறு ரூபாய் கட்டச் சொன்னார். அங்கேயும் விலை. மூன்றாவது நட்சத்திரம் அதோடு போனது.

டிராவல்ஸைப் பற்றியும் எழுத வேண்டும், அது தனி மார்க். முழுக்கைச் சட்டை யோசனைக்கு ஒன்று குறைத்தேன். ஆனால் நான் முடியாது என்று சொன்ன பிறகு அண்ணன் மூன்று நாள் ராத்திரி பதினொரு மணிக்கெல்லாம் விலை பார்த்துக்கொண்டே இருந்து, 11,200 வித்தியாசம் காட்டியதை 9,400 ஆனபோது பிடித்துக் கொடுத்தார். தன் கமிஷன் ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை. நாலு.

போன வாரம் அவரிடமிருந்து வாட்ஸாப்பில் அழைப்பு. "தம்பி, இங்க ஒரு பொண்ணு வந்திருக்கு, ஏர்வாடிப் பக்கம். புருஷன் மஸ்கட்ல. பிள்ளைக்கு அம்மை, நாளன்னைக்கு பிளைட்டு. நான் போகக்கூடாதுன்னு சொல்லிட்டேன். அந்த லெட்டர் எப்படி வாங்குனீக, எத்தன நாள் கழிச்சு ஏத்துனாய்ங்கன்னு நீங்களே கொஞ்சம் சொல்லுங்க"ன்னு போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பொருக்கு, சான்றிதழ், மூச்சு வாங்கினால் என்ன செய்ய வேண்டும், கவுன்ட்டரில் கேட்டால் கோபப்படாமல் காகிதத்தை நீட்ட வேண்டும், எல்லாம். பொறுமையாக உம் கொட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"வித்தியாசக் காசு எவ்வளவுண்ணே கட்டுனீக?"

சொன்னேன். அவருக்கும் பிள்ளைக்குமாக இரண்டு டிக்கெட். அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.